மெனிஸ்கஸ் தையலுக்குப் பிறகும் தீராத முழங்கால் வலி: ஓர் உடற்கல்வி ஆசிரியையின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் காவிரி டெல்டாவின் ஒரு சிறு நகரத்தில் பள்ளி உடற்கல்வி ஆசிரியை. வயது 28. அறுவைக்குப் பிந்தைய பயிற்சியை அளித்த பிசியோதெரபி மையத்திலிருந்து, அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். மெனிஸ்கஸ் (முழங்கால் மூட்டின் எலும்புகளுக்கிடையில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்து தையல் போட்டுக்கொண்ட பலர், மூன்று மாதம் கழித்தும் வலி போகவில்லை என்றதும் அறுவை சிகிச்சையே தோற்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலருக்கு அது உண்மை. பலருக்கு இல்லை. இரண்டையும் பிரித்து அறிவது எப்படி என்பதற்கு இந்த நிகழ்வு உதவும் என்று நம்புகிறேன்.

பின்னணி

கோ-கோ ஆட்டத்தில் துரத்தும் அணியின் எட்டுப் பேர் நடுக்கோட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் எதிரெதிர்த் திசை பார்த்துக் குந்தியிருப்பார்கள். முதுகில் தட்டி ‘கோ’ என்றதும் குந்திய நிலையிலிருந்தே உந்தி எழுந்து ஓட வேண்டும். மண்டலப் போட்டிக்கு முன் மாணவிகளுக்கு அதைச் செய்து காட்டியபோது, இடது கால் மண்ணில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பியது. ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாகவும், எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டதாகவும் சொன்னார்.

அன்று மாலை பெரிய வீக்கம் இல்லை. மறுநாள் காலையில்தான் முழங்கால் உப்பியிருந்தது. மூட்டின் நடுவில் எலும்புகளைப் பிணைக்கும் சிலுவை ஜவ்வு அறுந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே ரத்தம் கட்டி வீங்கிவிடும். மெனிஸ்கஸ் மட்டும் கிழிந்தால் வீக்கம் மெதுவாக வரும். அதைவிட முக்கியம், காலை முழுதாக நீட்ட முடியவில்லை. கடைசி இருபது டிகிரி அளவுக்கு உள்ளே ஏதோ தடுத்தது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவிக் கட்டுப்போட்டுப் பத்து நாள் இருந்தார்கள். கட்டைப் பிரித்த பிறகும் கால் நீளவில்லை. அதன் பின்தான் ஸ்கேன்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்பக்க மெனிஸ்கஸில் வாளிப்பிடி கிழிசல் என்று வந்தது. பிறை வடிவ மெனிஸ்கஸ் நீளவாக்கில் பிளந்து, உள்துண்டு வாளியின் கைப்பிடிபோல் புரண்டு மூட்டின் நடுவில் போய் மாட்டிக்கொள்வதுதான் இது. கால் நீளாததற்குக் காரணம் அந்தத் துண்டு. சிலுவை ஜவ்வுகள் இரண்டும் முழுதாக இருந்தன.

தையல் ஏன்?

ஒரு காலத்தில் கிழிந்த மெனிஸ்கஸை முழுதாக எடுத்துவிடுவதுதான் வழக்கம். அப்படி எடுத்த முழங்கால்களில் பிற்பாடு மூட்டு இடைவெளி குறுகுவதையும் எலும்பு விளிம்பு வளர்வதையும் ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948-இல் எழுதினார். மூட்டின் பாரத்தைப் பரப்பி வாங்கும் உறுப்பு போனால் தேய்மானம் சீக்கிரம் வரும். ஆகவே தைத்துக் காப்பாற்ற முடிந்தால் தைப்பதே இன்றைய போக்கு. ஆனால் எல்லாக் கிழிசலும் தைத்தால் ஒட்டாது. மெனிஸ்கஸின் வெளி விளிம்புக்குத்தான் ரத்த ஓட்டம் உண்டு, உள்விளிம்புக்குக் கிடையாது. இவருடைய கிழிசல் வெளி விளிம்பை ஒட்டி, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு இருந்தது. வயதும் குறைவு. தைக்கத் தகுந்த கிழிசல் என்று அறுவை மருத்துவர் முடிவெடுத்தார்.

சாவித்துளை வழியாகத் துண்டை இடத்தில் பொருத்தி, பின்பகுதிக்கு மூட்டுக்குள்ளேயே முடியும் தையலும், நடுப்பகுதிக்கு உள்ளிருந்து வெளியே எடுக்கும் தையலும் போட்டிருக்கிறார். வெளியே எடுக்கும் தையலுக்காக முழங்காலின் உள்பக்கத்தில் ஒரு சிறு கீறல் உண்டு. இந்தக் கீறல் பின்னால் முக்கியமாகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலுவை ஜவ்வு சீரமைப்போடு சேர்த்துத் தைக்கும் மெனிஸ்கஸ், தனியாகத் தைப்பதைவிட நன்றாக ஒட்டுகிறது என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்டது. எலும்பில் துளையிடும்போது வரும் ரத்தமும் மஜ்ஜையும் அதற்கு உதவுவதாகக் கருதுகிறார்கள். இவருக்கு அந்த உதவி இல்லை. தையல் தோற்கும் வாய்ப்பு ஆரம்பத்திலிருந்தே கணிசமாக இருந்தது. அதை மறந்துவிட்டு யாரும் ஆறுதல் சொல்லியிருக்கக் கூடாது.

முதல் ஆறு வாரம்

டிஸ்சார்ஜ் ஆனதும் அம்மா வீட்டுக்குப் போனார். நடக்கும்போது முழங்காலைத் தாங்கும் பட்டையான பிரேஸை நேராகப் பூட்டி வாக்கரோடு நடக்க வேண்டும். காலில் பாதி பாரம்தான். தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. இவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அந்த ஊரில் ஒரு மையத்துக்கு அவ்வப்போது போய்ப் பயிற்சியும் எடுத்தார்.

பிரேஸைக் கழற்றிப் படுக்கும் நேரங்களில் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை இருந்தது. அம்மா பாசத்தோடு வைத்தது. “கால் கனக்குதுன்னு அழுதா டாக்டரம்மா, அதான் தலகாணிய மடிச்சு வெச்சேன்” என்றார் எங்களிடம். உண்மையில் அப்படி வைத்தால் வலி குறையும். வீங்கிய மூட்டுக்குச் சற்று மடங்கிய நிலைதான் சுகம். அந்தச் சுகத்திலேயே ஆறு வாரம் இருந்தால் பின்பக்கத் திசுக்கள் சுருங்கிவிடும். காலை முழுதாக நீட்டிவைக்கச் சொல்லி டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரியும் இல்லை. மடக்குவதற்கான எல்லை மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

ஏழாவது வாரம்: எங்களிடம் வந்தபோது

பிரேஸைத் திறந்து முழுப் பாரம் போட அனுமதி கிடைத்த மறுவாரம் எங்கள் மையத்துக்கு வந்தார். முதல் வார்த்தையே, “மேடம், தையல் விட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்.”

எங்கே வலிக்கிறது என்று கேட்டால் கை முழங்கால் முழுவதையும் சுற்றியது. ஒரே ஒரு விரலால் காட்டச் சொன்னேன். விரல் மூன்று இடத்துக்குப் போனது. படி இறங்கும்போது சில்லு எலும்புக்குப் பின்னால் ஒரு வலி. உள்பக்கத் தழும்பைச் சுற்றி எரிச்சல். சேலைக் கொசுவம் உரசினாலே கூசுகிறது. மூட்டின் உள்பக்க இடுக்கில், பின்னால் தள்ளி, அழுத்தினால் மட்டும் ஒரு வலி. இவை தவிர மாலையானால் வீக்கம், மடக்கும்போது அவ்வப்போது ‘க்ளிக்’ சத்தம்.

ஐந்தையும் சேர்த்து ‘முழங்கால் சரியில்லை’ என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பார்வையில் அது சரிதான். எங்கள் வேலை அவற்றைத் தனித்தனியாக எடுத்து வைப்பது.

முதலில் ஆபத்தானவற்றை விலக்கினோம். காய்ச்சல் இல்லை, மூட்டில் சூடு இல்லை, தழும்பில் சிவப்போ கசிவோ இல்லை. கெண்டைக்கால் மென்மையாக இருந்தது. அழுத்தினால் வலி இல்லை. இரு கால்களின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்று. கிருமித் தொற்றும் ரத்தக்குழாய் அடைப்பும் இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்ததற்குப் போனோம்.

வலது முழங்கால் நேர்க்கோட்டைத் தாண்டி மூன்று டிகிரி பின்னால் போகிறது. இடது, நேர்க்கோட்டுக்கே ஒன்பது டிகிரி குறைவு. மூட்டின் உள்பக்கக் குழியை மேல்நோக்கி வழித்துவிட்டு வெளிப்பக்கத்தைக் கீழ்நோக்கித் தடவினால், காலியான குழி நீர் நிரம்பி மறுபடி புடைத்தது. மூட்டில் நீர் கோத்திருக்கிறது. சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் தொடையின் சுற்றளவு மறுபக்கத்தைவிட இரண்டரை சென்டிமீட்டர் குறைவு. காலை நேராகத் தூக்கச் சொன்னால் குதிகால் எழுவதற்கு முன்பே முழங்கால் மடங்கியது. தழும்பின் மேல் விரலால் தட்டினால் கணுக்கால் பக்கமாகச் சுருக்கென்று ஓடியது. அதற்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்குத் தோல் மரத்திருந்தது.

மெனிஸ்கஸைச் சோதிக்கும் மெக்மர்ரி சோதனையை அன்று செய்யவில்லை. மூட்டை முழுக்க மடக்கித் திருகும் அந்தச் சோதனை, ஏழு வாரத் தையலுக்கு ஏற்றதல்ல. தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில் தையலைப் பதம் பார்க்கக் கூடாது.

பிறகு செய்ததுதான் அன்றைய பரிசோதனையிலேயே அதிகம் சொன்னது. “டீச்சர், குதிகாலை இந்தத் துண்டு மேல வைங்க, முட்டியை அப்படியே விட்டுடுங்க.” சுருட்டிய துண்டு குதிகாலுக்கு அடியில், முழங்காலுக்கு அடியில் ஒன்றுமில்லை. பத்து நிமிடம். முதல் இரண்டு நிமிடம் பல்லைக் கடித்தார், பிறகு தொடை தளர்ந்தது. மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை மறுபடி வைத்தபோது ஒன்பது டிகிரி ஐந்தாகக் குறைந்திருந்தது.

கிழிந்த துண்டு மாட்டிக்கொண்டு கால் நீளாமல் போனால் இப்படி நடக்காது. அப்போது கடைசியில் கையில் படுவது ரப்பர்போலத் துள்ளித் திருப்பி அடிக்கும் தடை; பத்து நிமிட இளைப்பாறலில் அது நகராது. இவருக்கு இருந்தது இழுபடும், கொஞ்சம் கொஞ்சமாக இடம்கொடுக்கும் இறுக்கம். தையல் ஒட்டிவிட்டது என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. கால் நீளாததற்குத் தையல் காரணமில்லை என்பதற்கு ஆதாரம். இந்த வித்தியாசத்தை அவருக்கும் இதே சொற்களில் சொன்னோம்.

ஒன்றிலிருந்து ஒன்று

முழுதாக நீளாத முழங்காலோடு நடப்பவர் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசையை இறுக்கிப் பிடித்தபடிதான் நடக்க வேண்டும். அந்த இறுக்கம் சில்லைத் தொடை எலும்போடு அழுத்துகிறது. படியில் முன்பக்கம் வலிக்கிறது. நாள் முழுதும் அப்படி நடந்தால் மாலையில் நீர் கோக்கிறது. நீர் கோத்தால் முன்தசை அணைந்துபோகிறது. ஆரோக்கியமான முழங்காலில் உப்புநீரைச் செலுத்திப் பார்த்து 1984-இல் வெளியான ஆய்வொன்றில், வெறும் 20 முதல் 30 மில்லிலிட்டரிலேயே உள்பக்கத் தொடைத்தசையின் தூண்டல் குறையத் தொடங்கியது. தசை அணைந்தால் காலை நீட்ட வலு இல்லை. நீட்டாவிட்டால் மறுபடி அதே நடை.

ஆக, முன்பக்க வலி, வீக்கம், தசை மெலிவு மூன்றுக்கும் வேர் நீட்டல் குறைவு. எரிச்சல் தனி, அது உள்பக்கக் கீறலின் வழியில் போகும் சஃபீனஸ் நரம்புக் கிளையின் தொல்லை. பின்உள்பக்க இடுக்கின் வலி மட்டும்தான் தையலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது; அது லேசாக, அழுத்தினால் மட்டும் இருந்தது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு அறுவை மருத்துவரிடம் பேசுவது. டிஸ்சார்ஜ் தாளில் ‘மெனிஸ்கஸ் தையல்’ என்று இரண்டே சொல். எங்கே, எத்தனை, எந்த வகைத் தையல் என்பது அறுவைக் குறிப்பில்தான் இருக்கும். அதை வாங்கிப் படித்த பிறகே, மெனிஸ்கஸின் பின்முனையான பின்கொம்பு வரை தையல் போயிருப்பது எங்களுக்குத் தெரிந்தது. உள்பக்க மெனிஸ்கஸின் பின்கொம்போடு தொடைப் பின்தசைகளில் ஒன்றான செமிமெம்ப்ரனோசஸுக்கு இணைப்பு உண்டு. அந்தத் தசை இழுத்தால் பின்கொம்பும் இழுபடும். அவர் அதுவரை மணல் மூட்டை கட்டிக் காலைப் பின்னால் மடக்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அன்றே அதை நிறுத்தினோம்.

இரண்டாவது முடிவு, வலுப்படுத்தும் பயிற்சிகளைத் தள்ளிவைத்து நீட்டலை முதலில் மீட்பது. இது அவருக்குப் பிடிக்கவில்லை. விளையாட்டுக்காரர், வியர்க்க வேண்டும், எண்ணிக்கை ஏற வேண்டும். துண்டின் மேல் குதிகாலை வைத்துச் சும்மா கிடப்பது பயிற்சியாகவே தோன்றவில்லை. நீட்டல் கிடைக்காமல் பளு ஏற்றினால் சில்லின் வலிதான் ஏறும் என்று விளக்கி, நாளுக்குப் பல தடவையாகப் பிரித்துக்கொடுத்தோம். முன்தசையை எழுப்ப மின்தூண்டல், அதாவது எல்லோரும் சொல்லும் ‘கரண்ட்’, வைத்தோம். கரண்ட் ஓடும்போது தானும் சேர்ந்து தசையை இறுக்க வேண்டும். வெறுமனே படுத்திருந்தால் பாதிப் பயன்தான்.

மூன்றாவது, பயிற்சியின் அளவை வலியை வைத்து அல்லாமல் மறுநாள் காலை வீக்கத்தை வைத்து முடிவு செய்வது. எழுந்ததும் பல் துலக்கும் முன் வழித்துப் பார்க்கும் முறையை அவருக்கே சொல்லிக்கொடுத்தோம். குழி காலியாக இருந்தால் அன்று ஒரு படி மேலே. நிரம்பினால் முந்தைய படி. தன் முழங்காலின் நிலையைத் தானே பார்க்கத் தெரிந்த பிறகு அவருடைய பதற்றம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தது. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எரிச்சலுக்குப் பஞ்சு, பழைய பருத்திச் சேலை, பிறகு துவர்த்துத் துண்டு என்று படிப்படியாகச் சொரசொரப்பைக் கூட்டித் தோலுக்குப் பழக்கினோம். உணர்வு முழுதாகத் திரும்பாமலும் போகலாம், ஆனால் மரத்த தோலால் முழங்காலுக்குக் கேடில்லை என்று முதல் நாளே சொன்னோம்.

வீட்டில் இருந்தது இந்தியன் டாய்லெட். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை அதன் மேல் போட்டார்கள். தரையில் உட்காருவது, குந்துவது, சம்மணம் போடுவது மூன்றும் நான்கு மாதம் முடியும் வரை கூடாது. தொண்ணூறு டிகிரிக்கு மேல் பாரத்தோடு மடக்கும்போது பின்கொம்பு எலும்புகளுக்கிடையில் நசுங்குகிறது. அவருக்குக் கிழிந்ததும் அதே நிலையில்தான்.

ஒன்பதாவது வாரத்து ஸ்கேன்

நீட்டல் இரண்டு டிகிரிக் குறைவுக்கு வந்திருந்த நேரம். உறவினர் ஒருவர் சொல்லி, எங்களிடமும் மருத்துவரிடமும் கேட்காமல் வேறொரு இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டார். அறிக்கையில், தைத்த இடத்தில் மேற்பரப்பைத் தொடும் பிரகாசக் கோடு இருக்கிறது, மீண்டும் கிழிந்திருக்கலாம் என்று இருந்தது. இரண்டு நாள் அவர் பயிற்சிக்கு வரவில்லை. தொலைபேசியில் அழுதார்.

மெனிஸ்கஸ் தையலுக்குப் பின் எடுக்கும் ஸ்கேனைப் பற்றி எல்லா நோயாளிக்கும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டிய செய்தி இது. தைத்த இடத்தில் உருவாகும் தழும்புத் திசுவும் ஸ்கேனில் பிரகாசமாகத் தெரியும். நன்றாக ஒட்டிய மெனிஸ்கஸில்கூட அந்தக் கோடு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தெரிந்துகொண்டிருக்கும். கிழியாத முழங்காலுக்குப் பொருந்தும் அளவுகோலைத் தைத்த முழங்காலுக்கு வைத்தால் தவறான பதில் வரும். கோட்டுக்குள் மூட்டு நீர் புகுந்திருக்கிறதா, துண்டு இடம் பெயர்ந்திருக்கிறதா, வேறு இடத்தில் புதிய கிழிசல் உண்டா என்பவையே கேட்க வேண்டியவை.

அறுவை மருத்துவர் அறிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டுப் படங்களையே பார்த்தார். துண்டு இடம் பெயரவில்லை. நீர் புகுந்ததாகவும் தெரியவில்லை. கால் மாட்டவில்லை, நீட்டல் கூடிவருகிறது, வீக்கம் குறைந்துவருகிறது. மறுபடி கருவியை உள்ளே விட்டுப் பார்க்கத் தேவையில்லை, தொடரலாம் என்றார். நீட்டல் மறுபடி குறைந்தாலோ கால் மாட்டிக்கொண்டாலோ முடிவை மாற்றுவது என்றும் அப்போதே பேசிக்கொண்டோம். எந்த நிலையில் முடிவு மாறும் என்பதை முன்பே தீர்மானித்தது அடுத்த மாதமே உதவியது.

பதின்மூன்றாவது வாரம்: வளைகாப்பு

நாத்தனாரின் வளைகாப்பில், வளையல் போடக் கீழே உட்காரச் சொன்னார்கள். அவர் மறுத்திருக்கிறார். ‘அஞ்சு நிமிஷம்தானே’ என்று பெரியவர்கள் சொன்னதும் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். எழும்போது கையூன்றித் திரும்பியதில் பின்உள்பக்கம் சுருக்கென்றது. இரவுக்குள் வீங்கிவிட்டது.

மறுநாள் பார்த்தபோது நீர் முன்னைவிட அதிகம். பின்உள்பக்க இடுக்கில் தொட்டாலே வலி. ஆனால் நீட்டல் முழுதாக இருந்தது. மாட்டிக்கொள்ளவில்லை. மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி, ஏற்கெனவே தீர்மானித்த அளவுகோலை வைத்துப் பார்த்தோம்: உடனடித் தலையீட்டுக்குக் காரணம் இல்லை. இரண்டு வாரம் ஒற்றை ஊன்றுகோல், வலுப்பயிற்சிகள் பாதியாக, மடக்கல் எழுபது டிகிரிக்குள். காலையும் மாலையும் நீட்டலைப் பார்க்க வேண்டும். குறைந்தால் அன்றே போன்.

ஆறாம் நாள் வீக்கம் பெரும்பாலும் வடிந்தது. அழுத்தினால் வரும் வலி மூன்று வாரம் இழுத்தது. நான்காம் மாத முடிவில் மருத்துவர் கவனமாகச் சோதித்தபோது மூட்டு இடுக்கில் வலி இல்லை, நீர் இல்லை, மெக்மர்ரி சோதனையிலும் ஒன்றும் இல்லை. கருவியை உள்ளே விடாமல், மெனிஸ்கஸ் ஒட்டியதாக எடுத்துக்கொள்ள உலகெங்கும் பயன்படுத்தும் அடையாளங்கள் இம்மூன்றும்தான்.

வளைகாப்பில் அவர் உட்கார்ந்ததைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. நம் வீடுகளில் ஒரு மருமகள் கூடத்தில் எல்லோர் முன்னும் நாற்காலி கேட்பது எளிதல்ல. தரையில் உட்காராதே என்பதை அவரிடம் மட்டும் சொல்வது போதாது. வீட்டில் முடிவெடுக்கும் பெரியவரையும் வரவழைத்துச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் அவருடைய மாமியாரை அழைத்து, முழங்கால் மாதிரியைக் கையில் கொடுத்து, மடக்கினால் எது நசுங்குகிறது என்று காட்டினோம். அதன் பிறகு அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலி எப்போதும் இருந்தது.

குந்தும் வரை

ஐந்தாம் மாதம் கையடக்க அளவியைப் பட்டையால் கட்டி அளந்தபோது இடது முன்தசையின் வலு வலதில் 68 சதவீதம். படி இறங்கும் வலி இன்னும் கொஞ்சம் இருந்தது. லெக் பிரஸ், உயரம் குறைந்த படியில் மெதுவாக இறங்குவது, ஒற்றைக் கால் சமநிலை என்று இரண்டு மாதம் போனது. இதில் சொல்வதற்கு அதிகமில்லை, பொறுமையும் ஒழுங்கும்தான்.

ஆறாம் மாதம் தாண்டியதும் ஆழமாக மடக்கத் தொடங்கினோம். வீட்டில் ஒரு மணைப்பலகை இருந்தது. அதன் கீழ் செங்கற்களை அடுக்கி உயரமாக்கி, அதில் உட்கார்ந்து எழச் சொன்னோம். ஒரு உயரம் ஒரு வாரம் சிரமமில்லாமல் போனால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு செங்கல்லை எடுப்பது. காலையில் குழி நிரம்பினால் எடுத்ததைத் திருப்பி வைப்பது. இரண்டு தடவை திருப்பி வைக்க வேண்டிவந்தது. கடைசிச் செங்கல்லையும் எடுத்த பிறகுதான் கையூன்றாமல் குந்திப் பார்த்தார். எட்டாம் மாதம் வலு 86 சதவீதம். பத்தாம் மாதம் 92.

வலு வந்த பிறகும் இடது காலை ஊன்றித் திரும்புவதில் ஒரு தயக்கம் இருந்தது. திரும்புவதற்கு முன் அரை நொடி நின்றுவிடுவார். காயம் பட்ட அசைவே அது என்பதால் அச்சம் இயல்பு. நடந்தபடி திரும்புவது, மெதுவாக ஓடித் திரும்புவது, கடைசியில் குந்தியிருந்து திரும்பி எழுவது என்று பிரித்துப் பழக்கியதில் அந்த நிற்றல் மெல்ல மறைந்தது.

ஓராண்டு முடிவில்

பள்ளிக்கு நான்காம் மாதமே திரும்பியிருந்தார். தலைமை ஆசிரியை மைதானப் பணியிலிருந்து விலக்கிவைத்தார். ஒன்பதாம் மாதம் மைதானத்துக்கு வந்தார். கோ-கோவில் குந்தி எழுவதை மாணவிகளுக்கு மறுபடி செய்து காட்டியது பதினோராம் மாதம்.

ஓராண்டில் நீட்டல் நேர்க்கோட்டைத் தாண்டி ஒரு டிகிரி. மறுபக்கத்தின் மூன்றுக்கு இன்னும் வரவில்லை. வலியில்லாத ‘க்ளிக்’ அப்படியே இருக்கிறது. மரத்த இடம் மூன்று விரல் அகலத்திலிருந்து ஒரு விரல் அகலமாகச் சுருங்கியிருக்கிறது, எரிச்சல் போய்விட்டது. விளையாட்டு விழா போன்ற நீண்ட நாளுக்கு மறுநாள் லேசான வீக்கம் வருகிறது, ஓய்வில் போகிறது. கால் ஒரு தடவைகூட மாட்டவில்லை.

தையல் ஒட்டிவிட்டது என்று மூட்டுக்குள் பார்த்துச் சொல்லவில்லை. அடையாளங்களை வைத்துத்தான் சொல்கிறோம். ஐந்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், தைத்த மெனிஸ்கஸ்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று எப்போதாவது தோற்கிறது. ஓராண்டு நன்றாகப் போனது நல்ல செய்தி. முழு உத்தரவாதம் இல்லை. அவருக்கு இது தெரியும்.

நடைமுறையில் மாற்றியவை

அறுவை மருத்துவரோடு பேசி டிஸ்சார்ஜ் தாளில் சில வரிகளைச் சேர்த்திருக்கிறோம். முழங்காலுக்குக் கீழே தலையணை வேண்டாம், குதிகாலுக்குக் கீழே மட்டும். வீட்டுக்குப் போகும் முன் இரு கால்களின் நீட்டலையும் அளந்து எழுத வேண்டும். இரண்டாம் வாரம் தையல் பிரிக்க வரும்போது மறுபடி அளக்க வேண்டும். அறுவைக் குறிப்பின் நகல் நோயாளியிடமே இருக்க வேண்டும். வேறு ஊரில் பயிற்சி எடுப்பவருக்கு இது கட்டாயம். உள்பக்கக் கீறலுக்குக் கீழே தோல் மரக்கலாம் என்பதை அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டும். கழிப்பறை ஏற்பாடு அறுவைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஸ்கேன் பற்றிய விளக்கத்தை இப்போது முதல் சந்திப்பிலேயே கொடுக்கிறோம். ஸ்கேன் எடுக்கக் கூடாது என்பதல்ல. எடுப்பதென்றால் தைத்தவரே படத்தைப் பார்க்கட்டும்.

காத்திருக்கக் கூடாதவற்றைத் தனித் தாளில் எழுதிக் கொடுக்கிறோம்: நீண்டுகொண்டிருந்த கால் திடீரென்று நீளாமல் மாட்டிக்கொள்வது, ஓய்வெடுத்தும் ஒரு வாரத்தில் வடியாத புது வீக்கம், காய்ச்சலோடு மூட்டுச் சூடு, தழும்பில் கசிவு. இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அடுத்த பயிற்சி நாள்வரை பொறுக்காமல் நேராக அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ, நேரம் பார்க்காமல் பக்கத்திலிருக்கும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.